குளிர்காலம் இல்லாத ஆறு

அணைக்கட்டு வாசலில் ஒரு சிவப்புத் தொலைபேசி இருக்கிறது. அதை யாராவது எடுத்தால், நான்கு மணி நேரப் பயணத் தூரத்தில், ஒஸ்லோவில் எங்கள் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒரு விளக்கு சுழலும். யாரோ தண்ணீருக்குள் விழுந்துவிட்டார்கள் என்று அர்த்தம். வருடத்தில் இரண்டு தரம் சோதித்துப் பார்ப்பார்கள். மற்றபடி என் வேலைக்காலத்தில் அது அடித்ததே இல்லை.

அந்த மார்கழிக் காலையில், ஒன்பது மணிபோல, அடித்தது. தேநீர்க் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பாதியை மடியில் ஊற்றிக்கொண்டு எடுத்தேன். யார் விழுந்தது என்று கேட்டேன்.

"இன்னும் ஒருத்தரும் விழேல்லை. விழமுதல் எடுக்கிறன்," என்றாள் அந்தப் பக்கத்தில் ஒருத்தி. "யசிந்தா, நீயோ? நேற்று வரைக்கும் ஏறின தண்ணி இண்டைக்கு இறங்குது. ஐஸ் கரையைப் பிடிச்சுக்கொண்டு தொங்குது, அடியிலை வெறுங் காத்து. தண்ணியைக் குறைக்கிறது ஆர்?"

தூருன். ஆற்றின் கீழ்ப்பக்கம், தட்டையான நிலத்தில், மாட்டுப் பண்ணை வைத்திருப்பவள். அவள் கதைப்பது அந்தப் பள்ளத்தாக்கின் நோர்வேஜிய மொழி. எனக்கு அது எப்போதும் எங்கள் தமிழாகத்தான் காதில் விழும். அப்படியே எழுதுகிறேன்.

"நான் குறைக்கேல்லை," என்றேன்.

"அப்ப ஆர்?"

திரையைப் பார்த்தேன். மின்நிலையத்திலிருந்து ஆற்றுக்கு விடும் தண்ணீர், காலை ஆறு மணியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்திருந்தது. எச்சரிக்கை ஒன்றும் இல்லை. எல்லா விளக்கும் பச்சை.

"எங்கடை புது சிஸ்டம்," என்றேன்.

"அப்ப அதின்ரை போன் நம்பரைத் தா. அதோடை கதைக்கிறன்."

சூடான அறையில் என்ன கோபம்?

ஒஸ்லோவின் ஹொல்ம்லியாப் பகுதியிலிருந்து இந்தத் தொடரின் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். என் பக்கத்து வீட்டுத் தொகுதிக்காரராகவும் இருக்கலாம். "உங்கள் தொடரில் கிழமைக்குக் கிழமை யாரையாவது ஏசுகிறீர்கள். சூடான அறையில் கதிரையில் இருந்து வேலை செய்கிற உங்களுக்கு அப்படி என்ன கோபம்?"

நியாயமான கேள்விதான். பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நிற்கும்போதும் என்னைப் பகிடி பண்ணுவார்கள். "யசிந்தா அக்கா கையை எடுத்தால் எங்களுக்குக் கரண்ட் இல்லை" என்பார்கள். ஊரில் என்றால் குளத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடும் துரிசைத் திறந்து பூட்டுகிறவர் ஒருவர் இருப்பாரே, அந்த வேலைதான் என்னுடையது. திரையைப் பார்த்துச் செய்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

வித்தியாசம் இன்னொன்றும் உண்டு. குளத்துத் துரிசுக்காரருக்குத் தண்ணீர் கண்ணுக்கு முன்னால் இருக்கும். நான் ஒஸ்லோவில் இருக்கிறேன். காலையில் ரயிலில் வரும்போது இங்கே காலுக்குள் கரைந்த பழுப்புப் பனிச்சகதி. அதே நேரத்தில் ஆற்றங்கரையில் கழித்தல் இருபது பாகை. இங்கிருந்து அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இருந்தது இலக்கங்களும் தூருனும். இலக்கங்களை மட்டும் வைத்துக்கொள், தூருன் வேண்டாம் என்றார்கள். என் கோபம் அங்கே தொடங்குகிறது.

பாலும் ஆடையும்

ஆற்றில் பனிக்கட்டி எப்படிப் படிகிறது என்று சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது.

கடும் குளிர் இறங்கிச் சில நாட்களில் தண்ணீருக்குள் கஞ்சி மாதிரிப் பனித்துகள்கள் மிதக்கத் தொடங்கும். தட்டையான இடத்தில் அவை சேரும், ஒட்டும், இரண்டு கரையிலிருந்தும் நடுவை நோக்கி மூடும். ஏழெட்டு நாளில் முழுதாக மூடிவிட்டால் பிறகு பயமில்லை. தண்ணீர் அடியில் தன்பாட்டில் ஓடும்.

அந்த ஏழெட்டு நாளும் நாங்கள் விடும் தண்ணீர் ஒரே அளவாக இருக்க வேண்டும். கூட்டினால், பாதி ஒட்டிய பனிக்கட்டி பிய்த்துக்கொண்டு போய்ப் பாலத்தடியில் குவியும். குறைத்தால் அதைவிட மோசம். அடியில் தாங்கத் தண்ணீர் இல்லாமல் பனிக்கட்டி தொங்கும், வெடிக்கும். பின்னர் தண்ணீர் திரும்ப வரும்போது மொத்தமும் ஒரேயடியாகக் கிளம்பும்.

தூருன் இதை எனக்கு ஒரே வசனத்தில் சொன்னாள். "பாலிலை ஆடை படியேக்கை சட்டியை ஆட்டாதை." மாடு வளர்க்கிறவள் வேறு எப்படிச் சொல்லுவாள்? எனக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

என் கையால் நடந்தது

நான் அந்த வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் சட்டியை ஆட்டியவள் நான்தான்.

அப்போதிருந்த மேலாளர் "கொஞ்சம் குறை" என்றார், குறைத்தேன். பின்னேரம் "திரும்பக் கூட்டு" என்றார், கூட்டினேன். அடுத்த நாள்தான் தெரிந்தது. பனிக்கட்டி பாலத்தடியில் அடைத்து, ஆறு தூருனின் கன்றுக் கொட்டிலுக்குள் போயிருக்கிறது. பதினொரு கன்றுகள். கட்டியிருந்தவை, ஓட முடியவில்லை.

மேலாளர் அதை "இயற்கை நிகழ்வு" என்று எழுதினார். நான் என் கணவரைக் கூட்டிக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் அங்கே போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை.

கொட்டிலுக்குள் பனிக்கட்டிப் பாளங்கள் அலுமாரி அலுமாரியாகச் சரிந்து கிடந்தன. அவற்றுக்கிடையில் ஒரு கன்றின் காது தெரிந்தது. காதில் மஞ்சள் இலக்கத் தகடு. நான் நின்று அழுதேன். தூருன் அழவில்லை. "அந்தக் கை உன்ரையோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். ஒரு சோடி றப்பர்ச் சப்பாத்தும் ஒரு கடப்பாரையும் தந்தாள். இருட்டும்வரை மூன்று பேரும் பனிக்கட்டி உடைத்தோம். போகும்போது ஒன்று சொன்னாள்.

"அடுத்த முறை தொடமுதல் என்னைக் கேள்."

அன்றிலிருந்து பனிக்கட்டி படியும் நாட்களில் காலை ஏழேகாலுக்கு என் மேசைத் தொலைபேசி அடிக்கும். "இடது கரை ஒட்டிட்டுது, நடுவிலை திறந்து கிடக்கு, அப்பிடியே விடு." அவ்வளவுதான், சுகம் விசாரிப்புக்கூட இல்லை. எத்தனையோ குளிர்காலம் அப்படிப் போனது. அதற்குப் பிறகு ஒரு கன்று சாகவில்லை.

புது சிஸ்டம் வந்த வருடம் அந்த நேரடித் தொலைபேசி இணைப்பை நிறுத்தினார்கள். ஆற்றில் உணர்கருவி போட்டாயிற்று, தொலைபேசி எதற்கு? தூருனுக்கு ஒரு நன்றிக் கடிதமும் நிறுவனத்தின் சின்னம் போட்ட ஒரு வெந்நீர்ப் போத்தலும் அனுப்பினார்கள். எனக்கு அதைக் கேட்க வெட்கமாக இருந்தது.

அந்த மார்கழிக் காலையில் அவள் முதலில் வாடிக்கையாளர் சேவைக்குத்தான் எடுத்திருக்கிறாள். "கட்டணமெண்டால் ஒண்டு, வீடு மாறுறதெண்டால் ரெண்டாம். ஆத்துக்கு நம்பர் இல்லை," என்றாள் என்னிடம். அதனால்தான் காரை எடுத்துக்கொண்டு அணைக்கட்டு வாசலுக்குப் போயிருக்கிறாள்.

தூக்கி எறிந்த மாதங்கள்

"வாசலிலையே நில்," என்று தூருனிடம் சொல்லிவிட்டுத் திரும்பினேன். இரண்டு மேசை தள்ளி கார்த்திக் இருந்தான். கோயம்புத்தூர்ப் பிள்ளை. சிஸ்டத்தைச் செய்த நிறுவனம் அவனை எங்களிடம் அனுப்பியிருந்தது. நான் தேத்தண்ணி என்பேன், அவன் டீ என்பான், இருவரும் ஒரே கேத்திலில்தான் ஊற்றிக் குடிப்போம். நல்ல பிள்ளை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"கார்த்திக், ஏன் இது தண்ணியைக் குறைக்குது?"

வந்து பார்த்தான். "கீழ சென்சார்ல லெவல் ஏறிடுச்சு அக்கா. தண்ணி ஜாஸ்தியா போகுதுன்னு காட்டுது. லிமிட்டத் தாண்டிடக் கூடாதுன்னு அதுவே கொறைக்குது. கரெக்டாதான் பண்ணுது."

"தண்ணி கூடேல்லைத் தம்பி. ஐஸ் மறிக்குது, அதுதான் மட்டம் ஏறுது. சிங்க் அடைச்சாலும் தண்ணி ஏறும்தானே. அதுக்காகக் கூடத் தண்ணி வருதெண்டு சொல்லுவீரோ?"

அவன் தன் மேசைக்குப் போய்ப் பழைய தரவைத் திறந்து தேடினான். பிறகு, "ஐஸ் வந்தா லெவல் ஏறும்னு டேட்டாவுல எங்கயுமே இல்லையே அக்கா," என்றான்.

"இத்தனை வருசத்து டேட்டா தந்தனாங்கள்."

"குடுத்தீங்க. ஆனா டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் எல்லா ரீடிங் பக்கத்துலயும் ஒரு குறி இருந்துச்சு. நம்ப வேண்டாம்னு. கிளீன் பண்ணும்போது அதையெல்லாம் தூக்கிட்டோம்."

அந்தக் குறியை வைத்தவர்கள் நாங்கள். பல வருடமாக, ஒவ்வொரு குளிர்காலமும், என் கையாலேயே வைத்திருக்கிறேன். பனிக்கட்டி மட்டத்தை உயர்த்தும், இந்த இலக்கத்தை மட்டும் நம்பி ஒன்றும் செய்யாதே, தூருனைக் கேள் என்று அடுத்த வேலைமுறைக்கு வருகிறவருக்குச் சொல்வதற்காக வைத்த குறி. எங்கள் அறையில் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்ததால் ஒருவரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. இயந்திரத்துக்கு அது குப்பை என்று போயிற்று.

நோர்வேயின் ஒரு மலைப் பள்ளத்தாக்கு ஆற்றைப் பற்றி அந்த இயந்திரம் எல்லாம் படித்திருந்தது. அந்த ஆற்றுக்குக் குளிர்காலம் என்று ஒன்று உண்டென்பதை மட்டும் படிக்கவில்லை.

என்னை ஒருவரும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, கேட்டார்கள். சிஸ்டம் வருவதற்கு முன், ஆனி மாதம், வெயில் அடிக்கிற அறையில், ஸ்ட்ரோபெரி வைத்து ஒரு கூட்டம் நடத்தினார்கள். பனிக்கட்டியைப் பற்றி நான் கால் மணி நேரம் கதைத்தேன். கூட்டக் குறிப்பில் என் கால் மணி நேரம் ஒரு வரியாக வந்தது: "செயற்பாட்டு அனுபவங்கள் பகிரப்பட்டன." சொல்லி வைத்த சொல்லுக்குச் செய்த மரியாதை அது.

காரணம்: மற்றவை

நான் தானியங்கியை நிறுத்திக் கையியக்கத்துக்கு மாற்றினேன். தண்ணீரைக் காலை ஆறு மணிக்கு முன்பு இருந்த அளவுக்கு மெல்ல மெல்லக் கொண்டுவந்தேன். ஒரேயடியாகக் கூட்டினால் நானே உடைத்தவளாகிவிடுவேன். தூருன் அங்கே வாசலில், கீழே ஆறு தெரிகிற இடத்தில், தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துப் பார்த்துச் சொன்னாள். "இன்னும் கொஞ்சம். பொறு. இப்ப முட்டுது. நிப்பாட்டு." கழித்தல் இருபதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறாள்.

கையியக்கத்துக்கு மாற்றினால் சிஸ்டம் காரணம் கேட்கும். பட்டியலிலிருந்து ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். கருவிப் பழுது, பராமரிப்பு, மேலிடக் கட்டளை, மற்றவை. பனிக்கட்டி என்று ஒன்று இல்லை. வருடத்தில் நான்கு மாதம் ஆறு உறைகிற நாட்டில், ஆற்றுக்காகச் செய்த சிஸ்டத்தில், பனிக்கட்டி என்று ஒரு சொல் இல்லை. "மற்றவை" என்பதை அழுத்தி, "ஆறு உறைகிறது" என்று எழுதினேன்.

மேல்மாடியில் மின்சாரம் விற்கும் பிரிவு இருக்கிறது. மத்தியானத்துக்குள் அங்கிருந்து மூன்று தரம் எடுத்துவிட்டார்கள். நாடு முழுக்க ஹீட்டர் போட்டிருக்கிற நேரம், தண்ணீரைக் கூட்டு என்றார்கள். காலையில் இயந்திரம் குறைக்கச் சொன்னது, மத்தியானம் இவர்கள் கூட்டச் சொன்னார்கள். முடியாது என்றேன். எப்போது முடியும் என்றார்கள். ஆறு சொல்லும்போது என்றேன். அது திமிராகக் கேட்டிருக்கும். திமிர்தான்.

வேலைமுறை மாறும்போது குறிப்பு எழுதி வைத்தேன். அடுத்தடுத்து வந்தவர்களும் அதைப் படித்து அப்படியே விட்டார்கள். ஆனால் பதிவில் நின்றது மாற்றியவளின் பெயர். அன்றைக்கே தூருனுக்கு என் கைத்தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தேன். கைத்தொலைபேசியை லாக்கருக்குள் வைக்க வேண்டும் என்பது அறைச் சட்டம். அடுத்த ஆறு நாளும் அதை மேசையில் வைத்திருந்தேன். ஏழேகாலுக்கு அது அடித்தது.

ஏழாம் நாள் தூருன் சொன்னாள். "ஐஸ் படுத்திட்டுது. கரைக்குக் கரை. மாடுகள் சாப்பிடுது."

நடக்காததற்கு ஆதாரம்

தை மாதம் என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அனுமதியில்லாமல் தானியங்கியை நிறுத்தியது, காரணத்தைச் சரியாகத் தெரிவு செய்யாதது, தனிப்பட்ட தொலைபேசியை அறைக்குள் வைத்திருந்தது. மூன்று குற்றம். எச்சரிக்கைக் கடிதம் ஏற்கெனவே தயாராக இருந்தது. கிடைத்தது என்று நான் ஒப்பமிட வேண்டுமாம்.

இவ்வளவோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். தூருனுக்கும் ஒரு கடிதம் போயிருந்தது. அவசரத் தொலைபேசியை அவசரமல்லாத தேவைக்குப் பாவித்ததாம், இனிமேல் அப்படிச் செய்ய வேண்டாமாம். "அந்தக் கடிதத்தாலைதான் அண்டைக்கு அடுப்பு மூட்டினனான்," என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்களுடைய ஆற்றை அவர்களுக்காகக் கழித்தல் இருபதில் நின்று பார்த்தவளுக்கு எழுதுகிற கடிதமா அது?

கூட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் வீட்டில் சொன்னேன். என் கணவர் சோற்றைப் பிசைந்தபடி, "உமக்கேன் உந்தத் தலையிடி? வைக்கிற ஒப்பத்தை வைச்சிட்டுப் பேசாமல் இரும்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். "இல்லை, வையாதையும். அந்தக் கண்டுகளை நானும் பாத்தனான்."

கூட்டத்தில் என் பிரிவுத் தலைவர் பியோர்ன், ஊழியர் விவகாரம் பார்க்கும் ஆளணிப் பிரிவுப் பெண் ஒருத்தி, மேல்மாடியிலிருந்து ஒருவர், பாதுகாப்புப் பொறுப்பாளர் ஒருவர். ஓர் ஓரத்தில் கார்த்திக். அவனை விளக்கத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பியோர்ன் கெட்டவர் அல்ல. மெதுவாகத்தான் கேட்டார்.

"தண்ணி குறைஞ்சிருந்தால் ஐஸ் உடைஞ்சிருக்கும் எண்டதுக்கு உன்னட்டை என்ன ஆதாரம் இருக்கு?"

"உடையாததுதான்."

"அது ஆதாரமில்லை. நீ கைவைக்காமல் விட்டிருந்தாலும் உடையாமல் இருந்திருக்கலாம். சிஸ்டம் பிழை விட்டதுக்கு ஒரு பதிவும் இல்லை."

நடந்தால் இயற்கை நிகழ்வு. நடக்காவிட்டால் ஆதாரம் இல்லை. இதற்கிடையில் ஒரு மனிசி எங்கே நிற்பது? இந்தக் கேள்வியை இன்றைக்கும் யாரிடம் கேட்பதென்று எனக்குத் தெரியாது.

அப்போது கார்த்திக் எழும்பினான். அவன் வேலை அனுமதியே அந்த ஒப்பந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வாயைத் திறக்காதே என்று முதலிலேயே நான் சொல்லியிருந்தேன். ஆங்கிலத்தில் சொன்னான். குளிர்காலத் தரவை நீக்கியவர்கள் தாங்கள், சிஸ்டம் பனிக்கட்டியை ஒரு நாளும் பார்த்ததில்லை, அன்றைக்கு அது பிழைதான் விட்டது, அக்கா செய்தது சரி. அக்கா என்ற சொல்லை மட்டும் தமிழில் சொன்னான்.

பியோர்ன் நன்றி சொன்னார். அது சிஸ்டத்தின் இரண்டாம் கட்டத்தில் பேச வேண்டிய விடயம், இன்றைய பொருள் அல்ல என்றார்.

என் பக்கம் கடிதத்தைத் தள்ளினார்கள். நான் ஒப்பமிடவில்லை. பிரதி எடுக்கும் இயந்திரத்திலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வந்து, நோர்வேஜிய மொழியில், பிழை இல்லாமல், பெரிய எழுத்தில் எழுதினேன்: "ஆறு உறையும் நாட்களிலும் தண்ணீரைத் தானியங்கியே தீர்மானிக்கட்டும். இயக்குநர் கைவைக்கக் கூடாது. விளைவுக்கு நான் பொறுப்பு." கீழே ஒரு கோடு போட்டேன்.

"இதிலை ஆராவது ஒராள் ஒப்பம் வையுங்கோ," என்றேன். "நாளையிலையிருந்து நான் தொடமாட்டன். உங்களுக்கும் ஆதாரம் கிடைக்கும்."

பியோர்ன் இரண்டு தரம் வாசித்தார். பேனையைத் திறந்தார், மூடினார். தாளைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுத்தார். அவர் சட்டப் பிரிவைக் கேட்க வேண்டும் என்று மேல்மாடிக்காரரிடம் கொடுத்தார். அவர் அது தன் பிரிவுக்கு உரியதல்ல என்றார். ஆளணிப் பிரிவுப் பெண் அதைத் தொடவே இல்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு தாள் என்னிடம் வந்து சேர்ந்தது.

என்னைக் கண்டித்த கடிதத்தில் மூன்று பேர் ஒப்பமிட்டிருந்தார்கள். அது இன்றைக்கும் என் கோப்பில் இருக்கிறது, திரும்பப் பெறவில்லை. ஆற்றுக்குப் பொறுப்பென்று எழுதிய தாளில் ஒருவரும் இல்லை.

அடுத்த நாள் காலை வேலைக்குப் போனேன். ஆறு கையியக்கத்திலேயே இருந்தது. தானியங்கிக்கு மாற்று என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் போய்விட்டது. பனி உருகியதும் நானே தானியங்கிக்கு மாற்றிவிடுவேன். ஒவ்வொரு மார்கழியும் திரும்ப "மற்றவை" என்பதை அழுத்துகிறேன், இன்னும் ஒருவரும் வரவில்லை.